ஏரிக்குள் இறங்கும் சாய்தளம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் என் தங்கை சுதாவும் திருச்சி ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்தோம். "நின்றோம்" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "நான் எங்க நின்னேன்? மாத்து" என்றாள். சரிதான். நான் நின்றேன்; அவள் தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே வரிசையாக நின்ற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடங்களுக்கு முன் அம்பத்தூரில் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை இடித்தது. இடுப்புக்குக் கீழே அசைவு போனது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. வேலை, வாய், பிடிவாதம் உட்பட. ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறாள். இந்தப் பயணம் அவள் ஏற்பாடு. உப்பிலியபுரத்துக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில், ஓர் ஏரிக்கரையில் ஒரு குடும்பம் கூடாரம் போட்டுத் தங்கும் இடம் நடத்துகிறது. இப்போது அங்கே படகும் ஊஞ்சலுமாக ஒரு பூங்காவும் கட்டுகிறார்கள் என்று போனில் பார்த்திருக்கிறாள். விளம்பரத்தின் கடைசி வரியில், "சக்கர நாற்காலியோடு தண்ணீர் வரை வரலாம்" என்று இருந்தது.

இந்த மாதிரி வரிகளை நான் நம்புவதில்லை. அவளும் நம்பவில்லை. அதனால் கூப்பிட்டுக் கேட்டாள். கயல் என்ற பெண் எடுத்தாள். "வாங்கக்கா. உங்க சேர் எவ்வளவு அகலம்?" என்று கேட்டாளாம். எத்தனையோ ஓட்டல்களைக் கூப்பிட்டிருக்கிறோம். அகலம் கேட்டவர்கள் யாரும் கிடையாது.

ஆட்டோக்காரர் ஒருவர் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "சீட்டு கிழிஞ்சிடும்ங்க" என்றார். இன்னொருவர் இரண்டு ஆள் கட்டணம் கேட்டார். நாற்காலிக்கு டிக்கெட்! நான் சண்டைக்குப் போனேன். அதற்குள் சுதா போனில் ஒரு காரை வரவழைத்துவிட்டாள். ஓட்டுநர் ரஹீம் பாய், ஐம்பது வயது இருக்கும். நாற்காலியை எப்படி மடிப்பது என்று அவளிடமே கேட்டு, அவள் சொன்னபடி மடித்து, டிக்கியில் வைத்தார். உப்பிலியபுரம் தாண்டிக் கொண்டுபோய் விட்டு, மறுநாள் வந்து அழைத்துவர ஐயாயிரம் என்று பேசிக்கொண்டோம்.

காவிரிப் பாலத்தில் கார் ஏறியதும் பின்னால் மலைக்கோட்டை தெரிந்தது. வெயில் இன்னும் பாறையின் ஒரு பக்கத்தில்தான் விழுந்திருந்தது. உச்சிப்பிள்ளையாரை நினைத்து நான் பெருமூச்சு விட்டேன் போலிருக்கிறது.

"எனக்கு மலை மேல கோபமே இல்லக்கா" என்றாள் சுதா. "பாறை அது. ஏறித்தான் ஆகணும். நம்ம தெரு டீக்கடை வாசல்ல போன வருஷம் சிமெண்ட்ல படி கட்டினான் பாரு, அவன் மேலதான் கோபம்."

ரஹீம் பாய் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

ஸ்ரீரங்கம், காலை ஏழரை

ராஜகோபுரத்தைக் கடந்து, சித்திரை வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் ஒரு மெஸ். நெய்யும் மிளகும் மணந்தது. வாசலில் மூன்று படி. மூன்றும் புதுக் கிரானைட், பளபளவென்று. உரிமையாளர் திருமண் இட்டு, தோளில் துண்டோடு, கைகூப்பியபடி வெளியே வந்தார்.

"வாங்கோ, வாங்கோ. ஒண்ணும் கவலையில்லை. நாலு பேரைக் கூப்பிடறேன், நாற்காலியோட அலாக்கா தூக்கிண்டு போயிடலாம். அடியேனுக்கு அது பெருமாளை எழுந்தருளப் பண்ற கைங்கர்யம் மாதிரி."

உண்மையான அன்போடுதான் சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சல். நல்ல மனசுக்காரர்களிடம் கோபப்படவும் வழியில்லாமல் போகிறது. கடையைப் புதுப்பிக்கக் கிரானைட் இழைத்தவருக்கு, பக்கத்தில் இரண்டடி அகலத்துக்கு ஒரு சரிவு போடத் தோன்றவில்லை. ஆள் வந்தால் தூக்கிவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. தூக்கப்படுகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. முன்பின் தெரியாத நான்கு ஆண்கள், தெருவே பார்க்க.

"மாமா, எனக்குப் பெருமாள் ஆகற ஆசையெல்லாம் இல்லை" என்றாள் சுதா. "பொங்கல் போதும். காருக்கே குடுத்தனுப்பிடுங்கோ."

அவர் சிரித்தார். தானே தட்டோடு வந்து கொடுத்தார். பொங்கல் அருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பத்திய உணவு சாப்பிடுகிறவள்போல மடியில் தட்டை வைத்துக்கொண்டு அவள் சாப்பிட்டதையும் சொல்ல வேண்டும்.

கொள்ளிடத்தைத் தாண்டி நெம்பர் ஒன் டோல்கேட், அங்கிருந்து மண்ணச்சநல்லூர். அரிசி ஆலைகளின் தவிட்டு வாசனை கண்ணாடியை மூடியும் உள்ளே வந்தது. திருவெள்ளறையில் வெள்ளைப் பாறை மேல் கோயில் மதில் தெரிந்தது. ரஹீம் பாய் வேகத்தைக் குறைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல ஓரமாக ஓட்டினார். பிறகு இருபுறமும் வயலும் கரும்பும். துறையூரில் டீ. உப்பிலியபுரம் தாண்டி ஒரு மண் பாதையில் திரும்பியபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் வந்திருந்தோம். பச்சைமலை எதிரே நீலமாகக் கிடந்தது.

ஏரிக்கரை, காலை பத்து

பூங்கா என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஜல்லிக் குவியல். பாதி பெயின்ட் அடித்த சிமெண்ட் மீன் ஒன்று, வாலில் மட்டும் ஆரஞ்சு நிறம். புளியமரத்தில் லாரி டயர் ஊஞ்சல்கள். கரையில் பழைய மிதிபடகு இரண்டு. மரங்களுக்கு அடியில் ஆறு கூடாரங்கள். சமையல் கொட்டகையிலிருந்து புகை.

ஆனால் காரிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து எங்கே பார்த்தாலும் பாதை சமமாக இருந்தது. கூடாரத்துக்கு, கழிப்பறைக்கு, சாப்பிடும் இடத்துக்கு, எல்லாவற்றுக்கும் சிமெண்ட் பாதை. சுதா கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள். நான் பின்னால் கைப்பிடியைப் பிடிக்கப் போனபோது, "விடு" என்றாள்.

தங்கராசுவும் அவர் மனைவி விமலாவும் இந்த இடத்தின் சொந்தக்காரர்கள். துவாக்குடியில் ஒரு இரும்பு வேலைப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர் தங்கராசு. பட்டறைக்கு ஆர்டர் குறைந்து மூடியதும் விமலாவின் பூர்வீக நிலத்துக்கு வந்துவிட்டார்கள். நிலத்தை ஒட்டி ஊர் ஏரி. சென்னையில் ஓட்டல் வேலையிலிருந்த மகள் கயல் வந்து, கூடாரம் போடலாம் என்று ஆரம்பித்தாள். இப்போது பூங்கா. கொத்தனார் வேலை தவிர மற்றதெல்லாம் மூன்று பேரும் சேர்ந்து செய்கிறார்கள். விமலாவின் புடவை முந்தானையில் அதே ஆரஞ்சு பெயின்ட் இருந்தது.

"ஏரிக்குள்ள நிரந்தரமா ஒண்ணும் கட்டக் கூடாதுங்க, அது ஊர்ச் சொத்து" என்றார் தங்கராசு. "அதான் மெதவையா பண்ணிட்டேன். ஊராட்சியில சொல்லித்தான் பண்ணேன். வேணாம்னா கயித்த அவுத்து இழுத்துக் கரைல போட்டுடலாம். வாங்க, காட்டறேன்."

அதைப் பார்க்கத்தான் வந்திருந்தோம். நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் மீது இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை. கரையையும் மிதவையையும் சேர்ப்பது கீல் வைத்த ஓர் இரும்புத் தகடு. ஏரியில் தண்ணீர் ஏறினால் தானும் ஏறும், இறங்கினால் இறங்கும். மிதவையின் மறுமுனையில் பலகை மெதுவாகச் சரிந்து தண்ணீருக்குள் போனது. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. கரையில் பிவிசி குழாயில் செய்த ஒரு நாற்காலி, தடித்த சக்கரங்களோடு, நனைந்தாலும் துருப்பிடிக்காத மாதிரி.

"இதுல மாறி உக்காந்துக்கிட்டு அப்படியே இறங்கலாம்க்கா. லைஃப் ஜாக்கெட் போட்டுட்டா மெதக்கும். நான் பக்கத்துல இருப்பேன். நீங்க பிடிக்கச் சொன்னாத்தான் பிடிப்பேன்" என்றாள் கயல்.

"யாருக்காகங்க இதைச் செஞ்சீங்க?" என்று நான் கேட்டேன். குடும்பத்தில் யாராவது இருப்பார்கள், ஒரு கதை இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

தங்கராசுவுக்குக் கேள்வி புரியவில்லை. "வர்றவங்களுக்குத்தாங்க" என்றார்.

சுதா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுமியாக இருந்தபோது எங்கள் சித்தப்பா வீட்டுக் கிணற்றில் அவள்தான் முதலில் குதிப்பாள். விபத்துக்குப் பிறகு பக்கெட் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அவள் உடம்பில் பட்டதில்லை. "டீ குடிச்சிட்டு இறங்கறேன்" என்றாள் கயலிடம். பையிலிருந்து துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினொரு மணி

டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. முப்பது பேர் இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் டீ-ஷர்ட். பெங்களூரில் ஏதோ ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர்கள், ஒருநாள் அலுவலகச் சுற்றுலாவாக வந்தவர்கள். ஏற்பாட்டாளர் விவேக் என்ற இளைஞர், கறுப்புக் கண்ணாடி, கையில் இரண்டு போன். இந்தப் பூங்காவுக்கு வந்த முதல் பெரிய கூட்டம் அதுதான். தங்கராசு சட்டையை மாற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

விவேக் சுற்றிப் பார்த்தார். மிதவையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சூப்பர். ஸ்டேஜ் இங்கதான். ஸ்பீக்கர் ரெண்டையும் அங்க வெச்சிடுங்கப்பா."

கயல் குறுக்கே போனாள். "சார், அது ஸ்டேஜ் இல்லைங்க. தண்ணியில இறங்கறதுக்கு. பத்து பேருக்கு மேல ஏறக் கூடாது. போர்டு போட்டிருக்கோம்."

"ஒன் அவர்தாங்க. ட்ரோன்ல வீடியோ எடுக்கணும். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்." பிறகு கொஞ்சம் தள்ளி வந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "அப்புறம் அந்த வீல்சேர் மேடம் பிரேம்ல வராம பாத்துக்கங்க. இது செலிப்ரேஷன் வீடியோ. மூட் ஒரு மாதிரி ஆயிடும்" என்றார்.

யாருடைய மூட்? ஞாயிற்றுக்கிழமையும் கணக்குப் பார்த்து, ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து, காரில் வைத்துப் பொங்கல் தின்று, தண்ணீரில் இறங்க வந்த ஒருத்தியைப் பார்த்தால் இவர்களுக்கு மூட் போய்விடுமாம். நான் எழுந்தேன். அதற்குள் சுதாவே நாற்காலியை உருட்டிக்கொண்டு விவேக்கின் முன்னால் போய் நின்றாள். இல்லை, போய் இருந்தாள்.

"எனக்கும் ஒரு போட்டோ வேணும்ங்க. அந்த மெதவைல. நீங்க எடுத்துத் தரீங்களா?"

அவர் சிரிக்கவும் முடியாமல், தலையசைக்கவும் முடியாமல் போனைப் பார்த்தார். பிறகு தங்கராசுவைப் பார்த்தார்.

எல்லோரும் தங்கராசுவைத்தான் பார்த்தோம். கயல் பார்த்தாள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த விமலா பார்த்தார். தங்கராசு பஸ்ஸைப் பார்த்தார், மஞ்சள் டீ-ஷர்ட்டுகளைப் பார்த்தார், கடைசியில் சுதாவிடம் வந்து கைகளைப் பிசைந்தார்.

"ஒரு மணி நேரம்தாம்மா. பொறுத்துக்குங்க. அவங்க முடிச்சதும் நீங்க இறங்கலாம். மொத கூட்டம்... தப்பா நெனைக்காதீங்க."

"சரிங்க" என்றாள் சுதா.

அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. இந்த "சரிங்க" எத்தனை இடங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். சினிமா தியேட்டரில், கல்யாண மண்டபத்தில், சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில். நீங்க இப்படி ஓரமா இருங்க. சரிங்க.

புளியமரத்தடிக்குப் போனோம். கயல் எங்களோடு வந்து, அப்பாவின் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரை

ஸ்பீக்கரை இறக்கி வயர் இழுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பிறகு பாட்டு ஆரம்பித்தது. ஏரியின் மறுகரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நாரைகள் எழுந்து பறந்தன. முதலில் எட்டுப் பேர், பிறகு பதினைந்து, பிறகு யார் எண்ணினார்கள்? தங்கராசு கரையில் நின்று, "போதுங்க, போதுங்க" என்று கத்துவது பாட்டில் கரைந்தது. மேலே ட்ரோன் சுற்றியது. எல்லோரும் ஒரே பக்கம் வந்து அதற்குக் கையசைத்தார்கள்.

மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அலறல் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது இரும்பு கிழியும் சத்தம். கரையோடு சேர்த்திருந்த கீல் பிய்ந்துபோனது. ஸ்பீக்கர் ஒன்று மெல்ல நகர்ந்து நகர்ந்து, மரியாதையாக விடைபெறுவதுபோல, தண்ணீருக்குள் போனது. அதன் பின்னால் ஆட்கள்.

நல்லவேளை, அந்த இடத்தில் தண்ணீர் மார்பளவுதான். கயலும் தங்கராசும் உடையோடு குதித்து ஒவ்வொருவராகக் கரையேற்றினார்கள். நாங்கள் கரையிலிருந்து கை கொடுத்தோம். யாருக்கும் காயமில்லை. இரண்டு பேர் தண்ணீர் குடித்து இருமினார்கள். அவர்களில் ஒரு இளம்பெண் நடுங்கிக்கொண்டே சுதாவிடம் வந்து, "அக்கா, டவல் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டாள். சுதா, தான் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ள மடியில் வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

விவேக் நனைந்த போனை உதறியபடி தங்கராசு மீது பாய்ந்தார். "இது என்னங்க கட்டுமானம்? சேஃப்டின்னு ஒண்ணு கிடையாதா? ரிவ்யூல எழுதறேன் பாருங்க. உங்க இடத்துக்கு ஒருத்தன் வரமாட்டான்." பிறகு எங்கள் பக்கம் கையை நீட்டி, "இவங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு கட்டினா இப்படித்தான் இருக்கும். ஸ்ட்ராங்காவே இருக்காது" என்றார்.

தங்கராசு கைகூப்பிக்கொண்டு நின்றார். அந்தக் கூப்பிய கையைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ அறுந்தது.

"ஏங்க, போர்டைப் படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். "அந்தப் பொண்ணு வாயால சொல்லிச்சு, பத்து பேர்னு. இவர் கரையில நின்னு தொண்டை கிழியக் கத்தினார். நீங்க செஞ்ச காரியத்துக்கு அவர் கை கூப்பணுமா? என் தங்கச்சி இறங்க வேண்டிய இடத்த ஒடச்சிட்டு, பழியும் அவ மேலயா?" இன்னும் நிறையச் சொன்னேன். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அக்கா" என்றாள் சுதா. நான் நிறுத்தவில்லை. "அக்கா, போதும். இது எனக்காகக் கத்தற மாதிரியே இல்ல. கத்தணும்னு கத்தற மாதிரி இருக்கு."

நிறுத்தினேன். அப்போதுதான் விமலா முன்னால் வந்தார். நாங்கள் வந்ததிலிருந்து அவர் எங்களிடம் நான்கு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. கரண்டியை முந்தானையில் துடைத்தார்.

"தம்பி, கோழிக் குழம்பு கொதிச்சாச்சு. சோறு வடிச்சாச்சு. புள்ளைங்க நனைஞ்சு போயிருக்கு. எல்லாரும் வயிறார சாப்பிடுங்க" என்றார். விவேக் நிம்மதியாகத் தலையாட்டினார். "சாப்பிட்டுக் கை கழுவிட்டு, பஸ்ல ஏறிக் கெளம்புங்க. இங்க இனிமே உங்களுக்கு எடம் இல்ல. நீங்க குடுத்ததை என் பொண்ணு இப்பவே போன்ல திருப்பி அனுப்பிடும்."

"விமலா..." என்றார் தங்கராசு.

"நீங்க பேசாம இருங்க."

சாப்பிட்டார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். விமலா இலை இலையாகப் போய், இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க என்று பரிமாறினார். துண்டு வாங்கிய பெண் கண் நிமிராமல் சாப்பிட்டாள். போகும்போது துண்டைப் பிழிந்து, மடித்து, சுதாவின் மடியில் வைத்து, "சாரிக்கா" என்றாள். விவேக் முதலிலேயே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மாலை

பஸ் கிளப்பிய புழுதி அடங்கியது. மிதவை ஒரு பக்கம் மூழ்கி, குடித்துவிட்டு விழுந்தவன்போலக் கிடந்தது. தங்கராசு கரையில் குந்தியிருந்தார். கயல் அவரைப் பார்க்காமலே தாண்டித் தாண்டிப் போய்ச் சாமான்களை எடுத்துவைத்தாள்.

சுதா நாற்காலியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். நானும் போனேன்.

"நானே கட்டினேன், நானே வுட்டுக்குடுத்துட்டேன்" என்றார் தங்கராசு, ஏரியைப் பார்த்தபடி. "பட்டறை மூடினப்ப முதலாளி முன்னாடி இப்படித்தான் நின்னேன். பழகிப்போச்சுங்க அது. பஸ்ஸு ரொம்பி வந்ததும், கை தானா கூப்பிக்குது."

"தப்புதாங்க நீங்க செஞ்சது" என்றாள் சுதா. நான் திடுக்கிட்டேன். ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன். "நான் சரின்னு சொன்னதும் தப்பு. ரெண்டு பேரும் வேற மாதிரி சொல்லிருக்கணும். இப்ப இந்தக் கீலை மாட்ட முடியுமா, முடியாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வெல்டிங் மிஷின் இருக்குங்க."

"அப்ப எழுந்திருங்க. இன்னொண்ணு. தண்ணிக்குள்ள இறங்கற அந்த முனை சரிவு ஜாஸ்தி. உங்க சேர்ல அங்க போனா நானும் ஸ்பீக்கர் மாதிரித்தான் போவேன். இன்னும் ரெண்டடி நீட்டணும்."

முதலில் சிரித்தது கயல்தான்.

கயிறு கட்டி மிதவையை இழுக்க ஊரிலிருந்து சிலர் வந்தார்கள். நானும் பிடித்தேன், உள்ளங்கை தோல் உரிந்தது. இரண்டு டிரம்கள் நசுங்கியிருந்தன. கொட்டகையில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்களை விமலா கவிழ்த்துக் கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் வெல்டிங்கின் நீல வெளிச்சம் தண்ணீரில் விட்டு விட்டுத் தெறித்தது. தங்கராசு ஒரு பலகையைத் தரையில் சரித்து வைத்துவிட்டு, "இப்படிச் சரியா இருக்குமா?" என்று கேட்பார். சுதா அதன் மேல் நாற்காலியை உருட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பாள். அவர் பிரித்து மறுபடி வைப்பார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. சொல்லப்போனால், அந்த ஒரு நாளில் அவரை நிமிர்ந்த முதுகோடு நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்குள் இருந்த கோபம் தணிந்ததா என்றால், இல்லை. சமமாகப் பாதை போட, சரிவாகப் பலகை வைக்க, மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பத்தால் முடிகிறது. கையில் ஒரு வெல்டிங் மிஷினும் கேட்கும் காதும் இருந்தால் போதும் என்று கண்ணால் பார்த்த பிறகு, முடியாது, இடமில்லை, அழகு கெட்டுவிடும் என்று இத்தனை வருடங்களாக எங்களிடம் சொன்ன ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. கோபம் கூடத்தான் செய்தது.

ஞாயிறு, காலை

மலைக்கு மேல் வெயில் வந்து, தண்ணீரின் குளிர் விட்டபிறகு சுதா இறங்கினாள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தன் நாற்காலியிலிருந்து பிவிசி நாற்காலிக்குத் தானே மாறினாள். கீல் தகட்டில் சக்கரம் ஏறும்போது ஒரு கணம் நின்றது. நான் முன்னால் போகக் காலெடுத்தேன். விமலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மிதவையில் போய், சரிவில் திரும்பி, கம்பியைப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். முழங்காலைத் தண்ணீர் தொட்டது. அது அவளுக்குத் தெரியாது. இடுப்பைத் தாண்டி வயிற்றைத் தொட்டபோது, "ஐயோ, சில்லுனு இருக்கு!" என்று கத்தினாள். பிறகு நாற்காலியை விட்டுவிட்டாள். கயல் ஒரு கை தூரத்தில் நின்றாள், தொடவில்லை. சுதா மல்லாந்து மிதந்தாள். கைகளை விரித்து, ஒன்று, இன்னொன்று என்று தண்ணீரைத் தள்ளினாள். கால்கள் அவள் பின்னால், கனமில்லாமல், சும்மா வந்தன.

மறுகரைப் பெண்களில் ஒருத்தி துணியைக் கல்லில் போட்டுவிட்டுக் கத்தினாள்: "ஏங்க, அங்கிட்டுப் போகாதீங்க, பாசி இருக்கு! இப்படி வாங்க!"

"வரேங்க!" என்று சுதா பதில் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அவள் நடக்கமாட்டாள் என்பது தெரியாது. தண்ணீரில் அது யாருக்கும் தெரியாது.

தங்கராசு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு தடவை விட்டாயிற்று.

பகல் இரண்டு மணி

சொன்னபடி ரஹீம் பாய் வந்தார். விமலா சோற்று மூட்டை கட்டிக் கொடுத்தார். தங்கராசு கார் வரைக்கும் வந்து, நாற்காலியை மடிப்பதை ரஹீம் பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"மறுபடியும் வருவீங்களாம்மா?" என்று சுதாவிடம் கேட்டார். கேள்வியில் பயம் இருந்தது.

"கண்டிப்பா வருவேங்க. மார்கழி முடியட்டும்" என்றாள். "ஆனா தனியாத்தான் வருவேன். அக்காவைக் கூட்டிட்டு வரமாட்டேன். ரொம்பக் கத்தறா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இவளுக்காக லீவு போட்டு, ராத்திரியெல்லாம் விழித்து, கை உரியக் கயிறு இழுத்தவள் நான். கார் துறையூர் தாண்டும்வரை அவளிடம் பேசவில்லை. அவளும் சட்டை செய்யவில்லை. ஜன்னலில் தலை சாய்த்து, ஈரமுடியோடு தூங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த ஈரமுடியைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் அவள் சொன்னது மெல்ல உறைத்தது. அம்பத்தூரில் எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்கு அவளால் தனியாகப் போக முடியாது. சாக்கடை மூடி மேடாக இருக்கிறது, நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன, கடை வாசல் உயரம். வங்கிக்கு நான் வேண்டும், கோயிலுக்கு நான் வேண்டும், பல் டாக்டரிடம் போக நானும் வாட்ச்மேனும் வேண்டும். இந்த ஏழு வருடங்களில் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே நான் தனியாகப் போவேன் என்று அவள் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.